தளர முடியாத இதயம்

1883-இல் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், முந்தைய ஆண்டு தாம் வெளியிட்ட ஆய்வைத் தாமே திருத்த வேண்டியதாயிற்று. உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயம் வெறும் உப்புக் கரைசலிலேயே நெடுநேரம் துடிக்கிறது என்று முதலில் எழுதியிருந்தார். அந்தக் கரைசல் வடித்த நீரில் கலக்கப்பட்டதல்ல, நியூ ரிவர் நிறுவனம் நகருக்கு வழங்கிய குழாய்நீரில் கலக்கப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. வடித்த நீருக்கு மாற்றியதும் துடிப்பு தேய்ந்து நின்றது. குழாய்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தைத் துளியளவு சேர்த்ததும் இதயம் மறுபடி துடித்தது. இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்ற அறிவு இப்படிப் பிறந்தது. ரிங்கரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை யாரும் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. கால்சியம் இருந்து, அதை ஈடுகட்டும் பொட்டாசியம் இல்லாதபோது, இதயம் சுருங்கியபின் தளர்வதற்குத் திணறியது; ஒரு துடிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து அதன்மேல் ஏறியது. சுருங்க வைக்கும் பொருளே தளர விடாமலும் தடுக்கும் என்பது அன்றே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

வலு குறைந்த இதயத்தைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் கால்சியம் கிடைத்தால் தேறிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். மருத்துவ உலகுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்துக்கு நோயாளிகள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் வேறொரு முடிவு கிடைக்கிறது. செயலிழந்துவரும் இதயச் செல்லில் கால்சியம் குறைவதைவிடப் பெரிய கேடு, அது வர வேண்டிய கணத்தில் திரண்டு வராமலும் போக வேண்டிய கணத்தில் விலகாமலும் தேங்குவது. ஆகவே கால்சியத்தை மேலும் உந்தித் தள்ளும் சிகிச்சை பெரும்பாலும் தோற்கிறது. செல்லின் மீதான சுமையை இறக்கி, கால்சியச் சுழற்சி தானே சீராக இடம்கொடுக்கும் சிகிச்சை வெல்கிறது. இதற்கு எதிரான சான்றுகளும் வலுவானவை. அவற்றுக்கு விடை சொன்ன பிறகே இந்த முடிவை ஏற்கும்படி வாசகரிடம் கேட்க முடியும்.

முதலில் நலமான ஒரு துடிப்பு. இதயக் கீழறைத் தசைச் செல்லின் நீளம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதற்கு வெளியே கால்சியம் அயனியின் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்குச் சற்று மேல். ஓய்வில் உள்ளே இருப்பது வெறும் 100 நானோமோல். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. இதயத்தின் மின்துடிப்பு செல்லின் உறை மீது ஓடி, அந்த உறையே உள்நோக்கிக் குழிந்து அமைந்த டி-குழல்கள் வழியாகச் செல்லின் ஆழம்வரை இறங்குகிறது. குழலின் சுவரிலுள்ள கால்சியம் வாயில்கள் திறந்து சிறிதளவு கால்சியத்தை உள்ளே விடுகின்றன. குழலுக்கு நேரெதிரே, 12 முதல் 15 நானோமீட்டர் இடைவெளியில், சார்கோபிளாஸ்மிக் வலை என்னும் உட்பை இருக்கிறது. செல்லின் கால்சியம் ஏரி அது. அதன் மதகு ரயனோடின் ஏற்பி. உள்ளே வந்த சிறு கால்சியம் பட்டதும் மதகு திறக்க, ஏரியில் இருப்பது கொட்டுகிறது. கால்சியமே கால்சியத்தை விடுவிக்கும் இந்த முறையை அலெக்சாந்தர் ஃபாபியாட்டோ, மேலுறை நீக்கிய இதயச் செல்களில் செய்த சோதனைகளால் 1970-களிலும் 80-களிலும் நிறுவினார். 1993-இல் செங், லெடரர், கேனல் மூவரும் ஒளிரும் சாயம் ஏற்றிய செல்லை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓய்வில்கூட அங்கங்கே ஒரு மதகுக் கூட்டம் தற்செயலாகத் திறந்து மூடுவது மின்மினிபோலத் தெரிந்தது. கால்சியம் பொறி என்று அதற்குப் பெயர். ஒரு முழுத் துடிப்பு என்பது இத்தகைய பல்லாயிரம் பொறிகள் ஒரே நொடித்துளியில் சேர்ந்து எழுவது.

கொட்டிய கால்சியத்தில் நூற்றில் ஒரு பங்குதான் தனித்து மிதக்கும். மற்றதெல்லாம் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுள் முக்கியமானது டிரோபோனின். தோக்கியோவில் செத்சுரோ எபாஷி 1960-களில் இதைக் கண்டறிந்தபோதுதான், கால்சியம் எதைத் தொட்டுத் தசையைச் சுருங்க வைக்கிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை கிடைத்தது. சுருங்குவது இத்துடன் முடிந்தது. அடுத்த துடிப்புக்கு முன் அத்தனை கால்சியத்தையும் அகற்றியாக வேண்டும். கடினமான வேலை இதுதான். செர்கா என்ற பம்பு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் ஒரு மூலக்கூற்றைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை ஏரிக்குள் திருப்பி இறைக்கிறது. செல்லின் உறையிலுள்ள சோடியம்-கால்சியம் பரிமாற்றி மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. முயலின் இதயத்தில் செர்கா சுமார் 70 விழுக்காடும் பரிமாற்றி 28 விழுக்காடும் அகற்றுகின்றன என்று டொனால்ட் பெர்ஸ் குழுவினர் அளந்தார்கள். மனித இதயமும் ஏறத்தாழ அப்படியே. எலியின் இதயத்திலோ செர்காவே 92 விழுக்காட்டைச் சுமக்கிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போன கதைகளின் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். நிலையாகத் துடிக்கும் செல்லில், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து வந்த அளவு கால்சியமே வெளியே போக வேண்டும். வரவு மிகுந்தால் துடிப்புக்குத் துடிப்பு கால்சியம் சேர்ந்து செல் நிரம்பிவிடும். செலவு மிகுந்தால் ஏரி வற்றிவிடும். மான்செஸ்டரில் டேவிட் ஐஸ்னரும் அவருடைய கூட்டாளிகளும் வலியுறுத்திய இந்த வரவு-செலவு விதி எளிமையானது. ஆனால் அதை மறந்து எழுதப்பட்ட ஆய்வுகள் பல. மதகை மட்டும் சற்றே அதிகம் திறக்கும்படி குறைந்த அளவு காஃபீன் கொடுத்தால் முதல் சில துடிப்புகள் வலுவாக வரும். கூடுதலாகக் கொட்டிய கால்சியத்தில் ஒரு பங்கு வெளியேறுவதால் ஏரியின் மட்டம் இறங்கும். சற்று நேரத்தில் துடிப்பு பழைய வலுவுக்கே திரும்பிவிடும். ஓர் உறுப்பின் கோளாறை மட்டும் காட்டி ‘இதனால்தான் இதயம் வலுவிழந்தது’ என்று சொல்லும் எந்த விளக்கமும் இந்த விதிக்கு முதலில் கணக்குக் காட்ட வேண்டும்.

நோயுற்ற மனித இதயத்தின் கால்சியத்தை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஜூடித் குவாத்மியின் குழுவினர் முக்கியமானவர்கள். மாற்று இதயம் பொருத்தும்போது அகற்றப்பட்ட இதயங்களிலிருந்து மெல்லிய தசைத் துணுக்குகளை எடுத்து, ஜெல்லி மீனிலிருந்து கிடைக்கும் ஏக்வோரின் என்ற ஒளிப்புரதத்தை அவற்றுக்குள் ஏற்றினார்கள். கால்சியம் பட்டால் அது ஒளிரும். 1987-இல் அவர்கள் வெளியிட்ட பதிவுகளில், நலமான தசையின் ஒளி சட்டென்று எழுந்து சட்டென்று அணைகிறது. நோயுற்ற தசையின் ஒளி எழுந்தபின் அணைய மனமில்லாததுபோல நீண்டு இழைகிறது. தசையும் அந்த நீட்சிக்கு இணங்கத் தாமதமாகவே தளர்கிறது. 1992-இல் மியூனிக்கில் பாய்க்கல்மன், நேபவர், எர்ட்மன் ஆகியோர் தனிச் செல்களைப் பிரித்தெடுத்து அளந்தபோது மற்றொரு பாதியும் தெரிந்தது: எழும் அலையின் உயரம் குறைவு, ஓய்வில் எஞ்சும் கால்சியம் மிகுதி. உச்சி தாழ்கிறது, அடி உயர்கிறது. இரண்டுக்கும் இடையிலான வீச்சுதான் இதயத்தின் வேலைத்திறன், அது சுருங்கிவிடுகிறது. இதயம் வேகமெடுக்கும்போது இது இன்னும் பட்டவர்த்தனமாகிறது. துடிப்பு வேகம் கூடினால் வலுவும் படிப்படியாகக் கூடும் என்பதை லைப்சிக்கில் ஹென்றி பவ்டிச் 1871-இலேயே காட்டியிருந்தார். செயலிழந்த மனித இதயத் தசையில் அந்தப் படிக்கட்டு தலைகீழாகிறது. வேகம் கூடக்கூட வலு குறைகிறது. தளர்வதற்கான இடைவேளை குறுகியதும் கால்சியத்தை இறைத்து முடிக்க நேரம் போதவில்லை. மாடிப்படி ஏறும்போது நோயாளிக்கு மூச்சு இரைப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இறைப்பது ஏன் தாமதமாகிறது? செர்காவுக்கான மரபுச் செய்தி நோயுற்ற இதயங்களில் குறைந்திருப்பதை 1990-இல் மெர்காதியே குழு காட்டியது. 1994-இல் ஹாசன்ஃபுஸ் குழு, செர்காப் புரதம் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப வேகப் படிக்கட்டும் சரிகிறது என்று எழுதியது. அதே ஆண்டு மூவ்செசியன் குழுவும் அடுத்த ஆண்டு ஷ்விங்கர் குழுவும் செர்காவின் அளவு குறையவே இல்லை என்று எழுதின. ஒரே கேள்விக்கு இப்படி எதிரெதிர் விடை வந்ததைப் பார்த்து இந்தத் துறையையே ஐயுறுவோர் உண்டு. ஷ்விங்கரின் கட்டுரையை முழுவதும் படித்தால் ஐயம் பாதி தீர்ந்துவிடும்: பம்புகளின் எண்ணிக்கை மாறவில்லை, அவை இறைக்கும் திறன் குறைந்திருந்தது. பம்பின் கையைப் பிடித்துத் தடுக்க பாஸ்போலாம்பன் என்ற சிறு புரதம் இருக்கிறது. அதில் பாஸ்பேட் ஏறினால் பிடி தளரும். நோயுற்ற இதயத்தில் அந்தப் பாஸ்பேட் குறைகிறது. எண்ணிக்கை குறைந்தாலும் பிடி இறுகினாலும் ஏரிக்குத் திரும்பும் கால்சியம் குறைவுதான். இரு தரப்பும் கண்டது ஒரே தாமதத்தின் இரு வழிகளை என்பதே என் கணிப்பு.

டி-குழல்களின் சிதைவு அவ்வளவு சர்ச்சைக்கு உரியதல்ல. ஆனால் என் பார்வையில் அதுவே இந்த நோயின் மிக நெருக்கமான படம். நலமான செல்லை உறைச் சாயம் தோய்த்துப் பார்த்தால் குழல்கள் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டருக்கு ஒன்றாக, பாவு நூல்போல ஒழுங்காக நிற்கும். நோயுற்ற செல்லில் சில இடங்களில் நூல் அறுந்து திட்டுத்திட்டாக வெறுமை தெரியும். சில இடங்களில் குழல் பக்கவாட்டில் திரும்பி ஓடும். குழல் விலகிய இடத்தில் ஏரியின் மதகு மட்டும் எதிரில் யாருமில்லாமல் நிற்கிறது. இவற்றுக்கு ஆய்வாளர்கள் ‘அநாதை’ ஏற்பிகள் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே கால்சியம் உடனே எழாது. பக்கத்துப் பகுதியில் எழுந்தது பரவி வந்து தொட்ட பிறகே எழும். ஒரே செல்லுக்குள் ஒரு பகுதி சுருங்கி முடிக்கும்போது மற்றொரு பகுதி தொடங்குகிறது. கொட்டும் மொத்த அளவு மாறாவிட்டாலும் வலு குறைவதற்கு இதுவே போதும். மொத்தத்தைக் கூட்டுவதால் இந்தக் கோளாறு நீங்காது.

இனி மதகின் கசிவு. ஆன்ட்ரூ மார்க்ஸின் கொலம்பியா ஆய்வகம் 2000-இல் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தது: இடைவிடாத அட்ரினலின் தூண்டலால் ரயனோடின் ஏற்பியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் மிகுதியாக ஏறி, அதை மூடிவைக்கும் துணைப்புரதம் கழன்றுவிடுகிறது, மதகு ஓய்விலும் கசிகிறது. இதயச் செயலிழப்பை ஒரே மூலக்கூற்றின் ஒரே புள்ளியில் கட்டிவைத்த விளக்கம் இது. அந்தப் புள்ளியில் பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய எலிகளை வைத்துப் பிற ஆய்வகங்கள் சோதித்தபோது எலிகள் நோயிலிருந்து தப்பவில்லை. வேறொரு நொதியான கேம்-கைனேஸ் அடுத்தொரு புள்ளியில் செய்யும் மாற்றமே முக்கியம் என்று பெர்ஸ் போன்றோர் வாதிட்டார்கள். விவாதம் கசப்பாகவும் நீண்டதாகவும் இருந்தது. எந்தப் புள்ளி என்ற சண்டையை ஒதுக்கிவைத்தால், கசிவு இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நோயுற்ற முயல் இதயத்தில் 2003-இல் அது நேரடியாகவே அளக்கப்பட்டது. கேள்வி வேறு: கசிவு மட்டுமே இதயத்தை வலுவிழக்கச் செய்யுமா? பிறவியிலேயே ரயனோடின் ஏற்பி பழுதானவர்கள் இருக்கிறார்கள். ஓட்டத்திலோ அச்சத்திலோ அட்ரினலின் பொங்கும்போது அவர்களுக்கு ஆபத்தான சீரற்ற துடிப்பு வருகிறது, சிலர் இளவயதிலேயே இறக்கிறார்கள்; ஆனால் பொதுவாக அவர்களுடைய இதயம் வடிவிலும் வலுவிலும் நலமாகவே இருக்கிறது. கசிவு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வரவு-செலவு விதியும் அதையே சொல்கிறது. கசிவோடு இறைப்புத் தாமதமும் சேரும்போதுதான் ஏரி நிலையாக வற்றுகிறது. கசிந்த கால்சியத்தைப் பரிமாற்றி வெளியே தள்ளும்போது மூன்று சோடியம் உள்ளே வருவதால் ஒரு மின்னூட்டம் மிகுகிறது. அது திரண்டால் வேளை கெட்ட வேளையில் இதயம் துடிக்கிறது. செயலிழப்பு நோயாளிகள் பலர் திடீரென இறப்பதற்கு இதுவும் ஒரு வழி.

சோடியத்தைப் பேசாமல் கால்சியத்தை முடிக்க முடியாது. வில்லியம் விதரிங் 1785-இல் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி நூல் எழுதியபோது அது எதைத் தொடுகிறது என்று யாருக்கும் தெரியாது. சோடியத்தை வெளியேற்றும் பம்பை அது முடக்குகிறது, உள்ளே சோடியம் மிகுந்தால் பரிமாற்றி கால்சியத்தை வெளியேற்றத் தயங்கும், ஏரி நிறையும், துடிப்பு வலுக்கும். இதே பம்பைத்தான் நம் வேலியோரத்து மஞ்சள் அரளியின் நஞ்சும் முடக்குகிறது. அந்த நஞ்சு ஏறியவர்களின் நலமான இதயம் தாறுமாறாகத் துடித்து அடங்குவதை இலங்கை மருத்துவமனைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. டிஜிட்டாலிஸ் மருந்தான டிஜாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் அந்த இதயத்தை மீட்டுத் தருவதை அங்கே நடந்த, 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. கால்சியம் நிறைவதே நன்மை என்றால் அரளி மருந்தாகியிருக்கும். செயலிழந்த இதயச் செல்லிலோ எந்த நஞ்சும் இல்லாமலே சோடியம் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. அது செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கால்சியத்தை வெளியே இழுத்துவிடுகிறது. ஏடிபி ஆக்கத்தை முடுக்கிவிடும் சைகையே அங்கே சேரும் கால்சியம்தான். இறைப்பதற்கு ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் ஆற்றல் ஆக்கம் பின்தங்குகிறது. கசிந்ததை மீண்டும் இறைப்பது, அது மறுபடி கசிவது என்று ஏடிபி வீணாகிறது. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது.

சிகிச்சையின் வரலாறு இந்த வட்டத்தின் மீது நடந்த ஒரு நீண்ட சோதனை என்றே கொள்ளலாம். மில்ரினோன் செல்லுக்குள் அட்ரினலினின் சைகையை நீட்டிக்கும் மருந்து. கால்சியம் கூடும், இதயம் வலுவாக அடிக்கும், நோயாளிக்குத் தெம்பு வந்ததுபோலத் தோன்றும். கடும் நோயாளிகள் 1,088 பேரிடம் அதன் மாத்திரையைச் சோதித்த ப்ராமிஸ் ஆய்வு 1991-இல் வெளியானது: மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 28 விழுக்காடு மிகுதி. இதற்கு நேர்மாறாக, ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் குழு 1975-இல் ஏழு நோயாளிகளுக்கு அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா தடுப்பானைக் கொடுத்தது. வலுவிழந்த இதயத்தை மேலும் அடக்கும் மருந்து! அன்றைய பாடநூல்கள் தடைசெய்திருந்த செயல் அது. பலர் நம்ப மறுத்தார்கள். 1999-இல் பிசோப்ரோலால் என்ற பீட்டா தடுப்பானை 2,647 பேரிடம் சோதித்த சிபிஸ்-2 ஆய்வில் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. மெட்டோப்ரோலால் என்ற மற்றொரு தடுப்பானிலும் அதே அளவு. முதல் சில நாட்களில் இந்த மருந்து இதயத்தின் வலுவைச் சற்றே குறைக்கவும் செய்யும். மாதங்கள் கழித்தே வலு ஏறுகிறது. அந்த மாதங்களில் செல்லுக்குள் என்ன நடந்தது என்பதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது: மருந்துக்கு முன்னும் பின்னும் இதயத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, தேறிய நோயாளிகளிடம் செர்காவின் மரபுச் செய்தி உயர்ந்திருந்தது. மருந்து செர்காவைத் தொடவில்லை. சுமை இறங்கியதும் செல்லே அதை மறுபடி ஆக்கிக்கொண்டது. மருந்தே இல்லாமலும் இது நிகழ்கிறது. இதயத்தின் பளுவைச் சுமக்கும் துணைப் பம்பு பொருத்தப்பட்ட நோயாளிகளின் செல்களை 1998-இல் பிலடெல்பியாவில் சோதித்தபோது, அவை பம்பு பொருத்தாத நோயாளிகளின் செல்களைவிட மிகுதியாகச் சுருங்கின, விரைவாகத் தளர்ந்தன, வேகம் கூட்டியபோதும் தாக்குப்பிடித்தன.

இதற்கு முதல் எதிர்வாதம் இப்படி வரும்: செர்கா மீண்டது நலம் பெற்றதன் அடையாளமாக இருக்கலாமே தவிர நலத்தின் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. வளர்ந்த எலிகளில் செர்கா மரபணுவை நீக்கிய நார்வே நாட்டு ஆய்வில், நான்கு வாரத்தில் பம்பு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போனபோதும் இதயம் மிதமாகவே வலுவிழந்திருந்தது. பம்பே இல்லாமல் இதயம் ஓடும் என்றால் கால்சியம்தான் நோயின் வேர் என்று சொல்ல முடியாது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே எலிகள் ஏழாவது வாரத்தில் முழுச் செயலிழப்புக்குள் விழுந்தன. இடைப்பட்ட நாட்களில் அவற்றின் செல்கள் கால்சியத்தை உறையின் வழியாகவே வரவும் போகவும் விட்டு ஈடுகட்டின. அந்த ஈடுகட்டல் களைத்ததும் இதயம் விழுந்தது. மாரடைப்பாலோ இரத்த அழுத்தத்தாலோ வால்வுக் கோளாறாலோ தொடங்கிய நோயில் கால்சியம் முதல் காரணம் அல்ல என்பதை நானும் ஒப்புகிறேன். முதல் அடி எங்கிருந்து விழுந்தாலும், நோயைத் தொடர வைக்கும் வட்டத்தில் கால்சியம் ஒரு கண்ணி. கண்ணியைத் தனியே பிடித்து இழுப்பதைவிட வட்டத்தைச் சுழற்றும் விசையைக் குறைப்பதால் பலன் கிடைப்பது இதனால்தான்.

இரண்டாவது எதிர்வாதம் அறுவை மேசையிலிருந்தும் மரபணு ஆய்வகத்திலிருந்தும் வருகிறது: வட்டத்தை வெளியிலிருந்து தணிப்பானேன், செர்காவையே நேரடியாகச் சீர்செய்துவிடலாமே? 1999-இல் இதற்கு இரண்டு உற்சாகமான சான்றுகள் கிடைத்தன. நோயுற்ற மனிதச் செல்களில் செர்கா மரபணுவை ஏற்றியபோது அவை நன்றாகச் சுருங்கித் தளர்ந்தன. இதயம் வீங்கி நலியும் ஒரு வகை எலிகளில் பாஸ்போலாம்பனை நீக்கியபோது நோயே வரவில்லை. செர்காவின் கையைப் பிடிக்கும் புரதம் போனால் நன்மை என்ற முடிவு எட்டும் தூரத்தில் இருந்தது. 2003-இல் அதை உடைத்தது ஒரு குடும்ப ஆய்வு. பாஸ்போலாம்பன் அறவே ஆகாதபடி இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற இருவர் அதில் இருந்தார்கள். எலிக் கணக்குப்படி அவர்கள் வலுவான இதயத்தோடு இருந்திருக்க வேண்டும். இருவரின் இதயமும் வீங்கிச் செயலிழந்தது. ஒருவருக்கு 16 வயதிலும் மற்றவருக்கு 27 வயதிலும் மாற்று இதயம் தேவைப்பட்டது. நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கும் எலிக்குப் பம்பு முழுவேகத்தில் ஓடுவது இயல்பு. எழுபது முறை துடிக்கும் மனிதருக்கு அந்தப் பிடி தேவையான ஒழுங்கு. அட்ரினலின் வரும்போது பிடியைத் தளர்த்தி வேகமெடுக்கவும், போனதும் இறுக்கி அடங்கவும் உள்ள இடைவெளிதான் மனித இதயத்தின் சேமிப்பு.

செர்கா மரபணுவை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 39 பேரிடம் செய்த முதல் ஆய்வு நம்பிக்கை தந்தது. 250 பேரிடம் செய்து 2016-இல் முழுமையாக வெளியான க்யூபிட்-2 ஆய்வில் பலனே தெரியவில்லை. இதைக் காட்டி என் வாதம் நிறுவப்பட்டது என்று சொன்னால் அது நேர்மையாகாது. பின்னர் கிடைத்த இதயத் துணுக்குகளில் மரபணுவைச் சுமந்துசென்ற வைரஸின் தடயம் மிகச் சிறிதளவே இருந்தது. செல்லைச் சென்றடையாத சிகிச்சை தோற்றதை வைத்து, சென்றடைந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்று முடிவுகட்ட முடியாது. க்யூபிட்-2 என் வாதத்துக்கு ஆதரவும் அல்ல, மறுப்பும் அல்ல. செல்களுக்குள் உண்மையிலேயே போய்ச்சேரும் மரபணுச் சிகிச்சை ஒன்று வெற்றி பெற்றால் நான் என் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது எதிர்வாதம் புதியது, கடினமானது. டிஜிட்டாலிஸ் குடும்பத்தின் டிஜாக்சினை 6,800 பேரிடம் சோதித்து 1997-இல் வெளியான ஆய்வில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை; மருத்துவமனைச் சேர்க்கை மட்டும் குறைந்தது. 2025-இல் வெளியான டிஜிட்-எச்எஃப் ஆய்வு அதைவிட முன்னே போய்விட்டது: 1,212 பேரில் டிஜிடாக்சின் பெற்றவர்களிடையே இறப்போ செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ 39.5 விழுக்காடு, மற்றவர்களிடையே 44.1 விழுக்காடு. கால்சியத்தைக் கூட்டும் மருந்து பலன் தந்துவிட்டதே! என் விடை இரண்டு பகுதி கொண்டது. அங்கே கொடுக்கப்பட்டது மிகக் குறைந்த அளவு. டிஜிட்டாலிஸ் அந்த அளவில் நரம்பு மண்டலத்தின் வழியாக இதயத்தின் அட்ரினலின் தூண்டலைத் தணிப்பது நெடுநாளாகத் தெரிந்த ஒன்று, எனவே வலுவைக் கூட்டியதால் கிடைத்த பலன் என்று சொல்லிவிட முடியாது. அத்தோடு அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே பீட்டா தடுப்பானின் காவலில் இருந்தார்கள். ப்ராமிஸ் காலத்து நோயாளிகளுக்கு அந்தக் காவல் இல்லை. ஆனாலும் இந்த ஆய்வு என் வாதத்தின் ஓரத்தைச் சற்றுத் தேய்க்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தூண்டல் அடங்கிய செல் சிறிதளவு கூடுதல் கால்சியத்தைத் தாங்கும் என்று திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். கால்சியத்தைத் தொடாமலே தசையின் மயோசின் புரதத்தை நேரடியாக முடுக்கும் ஓமெகாம்டிவ் மெகார்பில் என்ற மருந்து மறுபக்கத்திலிருந்து அதே பாடத்தைத் தருகிறது. 8,256 பேரிடம் நடந்த ஆய்வில் முதன்மைக் கேடுகள் 39.1-இலிருந்து 37 விழுக்காட்டுக்குத்தான் இறங்கின. இதயநோய் இறப்பு குறையவில்லை. சுருங்குவதை மட்டும் நீட்டித்து, தளர்வதற்கு எதுவும் செய்யாத மருந்துக்கு இவ்வளவுதான் எல்லை போலும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சுருங்கும் திறன் குறைந்த இதயங்களைப் பற்றியவை. செயலிழப்பு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்தத் திறன் குறைவதில்லை. இதயம் விரிந்து இரத்தத்தை ஏற்பதில்தான் தடங்கல். தளர்வே கோளாறான நோய் என்பதால் என் வாதம் இங்கே இன்னும் பொருந்தும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். கிடைத்துள்ள சில துணுக்குகளோ வேறு கதை சொல்கின்றன: இந்த நோயாளிகளின் செல்களில் டி-குழல்கள் அறுந்துகிடக்கவில்லை, நலமான இதயத்தைவிட அடர்த்தியாகவே இருந்தன என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. விறைப்பு கால்சியம் தேங்குவதால் வருகிறதா, டைட்டின் என்ற நெடும்புரதத்தாலா, செல்களுக்கு வெளியே படியும் நார்களாலா என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு மாற்று இதயம் அரிதாகவே பொருத்தப்படுகிறது. குவாத்மியின் மேசைக்கு வந்ததுபோல ஒரு முழு இதயம் ஆய்வகத்துக்கு வருவது அபூர்வம். குண்டூசித் தலையளவுத் துணுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து உயிரோடு பிரிந்துவரும் சில செல்கள் ஒளிர்ந்து அணைய எத்தனை மில்லி நொடி எடுக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.